உணவு இறையாண்மை என்றால் என்ன? அதைச் சிறு பண்ணையில் எப்படிக் கற்கிறார்கள்?

எதை விளைவிப்பது, எப்படி விளைவிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பவற்றை உழவரும் உண்பவரும் தாமே முடிவுசெய்யும் உரிமையே உணவு இறையாண்மை. 1996-இல் ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தபோது, லா வியா கம்பெசினா என்னும் உழவர் இயக்கம் இக்கருத்தை உலகின் முன் வைத்தது.

இயற்கையின் இயக்கத்தோடு இசைந்து பயிர்செய்யும் முறையான வேளாண் சூழலியல் அதன் நடைமுறைப் பக்கம். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவதால், பயிர்ச்சுழற்சியை நன்கு அறிந்தவர் விலைக்கு வாங்கும் உரத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. அவ்வாறு வெளியாரைச் சார்ந்திருப்பது குறையக் குறையத்தான் முடிவெடுக்கும் உரிமை மெய்யாகவே கைக்கு வருகிறது.

சமூக ஆதரவுப் பண்ணையில் உறுப்பினர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் செலுத்தி, விளைச்சலில் பங்கு பெறுகிறார்கள். பலர் கூடி வெட்டிய கிணற்றில் நீர் ஊறினாலும் வற்றினாலும் அது அனைவருக்கும் பொதுவாவது போல, நல்ல விளைச்சலும் பூச்சித் தாக்குதலும் இங்கே பங்கிடப்படுகின்றன. ஆகவே கற்பவர் மண்ணோடு கணக்கேட்டையும் படிக்க நேர்கிறது. வகுப்பறையில் எளிதில் கிட்டாத பாடம் இதுவென்றே கருதுகிறேன்.

எல்லாவற்றையும் தாமே விளைவித்துக்கொண்டு வணிகத்தை விலக்குவதே உணவு இறையாண்மை எனப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வணிகத்தை மறுப்பதில்லை, அதன் விதிகளை வகுப்பதில் உழவருக்கும் உண்பவருக்கும் உரிய இடத்தையே கேட்கிறது.