ஐ.டி.ஐ எலக்ட்ரீஷியன் படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், மாதம் 14,000 ரூபாய் சம்பளம். கணவர் இல்லை. மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டான், எலக்ட்ரீஷியனுக்குத்தான் படிப்பேன் என்கிறான். வருடம் 70,000 ரூபாய் கட்டினால் ஒரு தனியார் ஐ.டி.ஐ-யில் சீட் உறுதி என்கிறார் ஒரு புரோக்கர். பேங்கில் 1,20,000 ரூபாய் டெபாசிட், வீட்டில் 5 பவுன் நகை இருக்கிறது. நகையை வைத்துக் கட்டிவிடட்டுமா? என் அண்ணனோ இன்ஜினியரிங் சேர்க்கச் சொல்கிறார்.

பதில்: வைக்காதீர்கள் அம்மா. புரோக்கருக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். தம்பி தேர்ந்தெடுத்தது நல்ல தொழில். ஆனால் அதற்குப் பணம் தேவைப்படுவது படிக்கும்போது இல்லை, படித்து முடித்த பிறகு.

அரசு ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு பாஸ் இருந்தால் போதும், பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே தனியாக வரும், ஐ.டி.ஐ-க்கும் அது பொருந்தும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு வருடத்துக்கு 42,000 ரூபாய் வரவு. புரோக்கர் சொல்கிற வழியில் போனால் 1,40,000 ரூபாய் செலவு, அதை 12 சதவீத வட்டியில் நகைக்கடனாக எடுத்தால் வட்டி மட்டுமே மாதம் 1,400, அதாவது உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. இத்தனை கட்டினாலும் மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் உள்ள எந்த ஐ.டி.ஐ-யிலும் கடைசியில் எழுதுவது அதே அகில இந்தியத் தொழிற்தேர்வுதான், கிடைப்பதும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ்தான்.

எலக்ட்ரீஷியன் சீட்டுக்குப் போட்டி இருக்கும், மதிப்பெண் பார்த்துத்தான் கலந்தாய்வு நடக்கும், அதனால் திருப்பூர் மட்டும் என்று நிற்காமல் கோவையையும் சேர்த்துப் போடுங்கள். கிடைக்காமல் போனால் வயர்மேன் பிரிவைப் பாருங்கள், அல்லது தனியார் ஐ.டி.ஐ-யிலேயே கலந்தாய்வு வழியாக நிரப்பும் அரசு ஒதுக்கீட்டு இடத்தைக் கேளுங்கள்.

சேர்க்கும் முன் ஒருநாள் தம்பியோடு போய் பயிற்சிக்கூடத்தை உள்ளே நுழைந்து பாருங்கள். மேசையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, பாதி சுற்றிய செப்புக் கம்பியோடு பையன்கள் நிற்கிறார்களா, பலகையில் மோட்டாரை ஓடவைக்கிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டருக்கு வயர் கொடுத்துக் கழற்றிய தடம் இருக்கிறதா, இல்லை புது மெஷின் எல்லாம் கவர் பிரிக்காமல் பூட்டிய அறையில் கிடக்கிறதா? இந்தத் தொழிலில் கை பழகாத சான்றிதழுக்கு மதிப்பே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஐ.டி.ஐ முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் போக வேண்டும். மின்வாரியம், ரயில்வே, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி எல்லாம் எடுக்கிறார்கள், தனியார் தொழிற்சாலைகளும் எடுக்கின்றன. ஐ.டி.ஐ முடித்தவர்களுக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று 2019 விதித்திருத்தம் சொன்னது. வெளியூரில் ரூம் வாடகையும் சாப்பாடும் போனால் அதில் கையில் என்ன நிற்கும்? அப்புறம் ஒரு காண்ட்ராக்டரிடம் ஹெல்பராக நிற்கிற காலம். இந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் வீட்டில் வாங்கிய கடனை அடைக்க வேண்டுமே என்று நல்ல கைவேலைக்காரப் பையன்கள் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தாக்குப்பிடிக்கிறவன் அனுபவத்தைக் காட்டி தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் கம்பியாள் (வயர்மேன்) தகுதிச் சான்றிதழ் வாங்கிவிடுகிறான். அது இல்லாதவன் கடைசிவரை அடுத்தவர் லைசென்ஸின் கீழேயே வேலை பார்க்க வேண்டியதுதான்.

அதனால் உங்கள் 1,20,000 ரூபாய் டெபாசிட் இந்தக் காலத்துக்கானது. அதில் 60,000 ரூபாயை வீட்டு அவசரத்துக்கு என்று தனியாக வைத்துவிடுங்கள், மீதி அவன் அப்ரண்டிஸ் போகும்போது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். நகை அப்படியே இருக்கட்டும். தமிழ்ப் புதல்வன் பணம் 1,000 ரூபாயை அவன் பெயரில் 24 மாத ஆர்.டி-யில் போடச் சொல்லுங்கள், முடியும்போது 24,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். நல்ல கட்டிங் பிளேயர், மல்டி மீட்டர், கிளாம்ப் மீட்டர், மெக்கர், டிரில்லிங் மெஷின் வாங்கவும் லைசென்ஸ் செலவுக்கும் அது தாராளமாகக் காணும். சொந்த டூல்ஸ் இருக்கிற பையனை ஞாயிற்றுக்கிழமை சின்ன வேலைக்கு ஆள் தேடி வந்து கூப்பிடுவார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இந்தக் கணக்கு முழுவதும் உங்கள் ஒருவர் சம்பளத்தில்தான் நிற்கிறது. உங்களுக்கு 50 வயதுக்குள் என்றால் பேங்கில் போய் வருடம் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் (பிரதமர் ஜீவன் ஜோதி), 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் (பிரதமர் சுரக்ஷா) இந்த வாரமே போடுங்கள், ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய்க்கு. தம்பிக்கு 18 முடிந்த அன்றே அந்த 20 ரூபாய் காப்பீடு அவன் பெயரிலும் இருக்க வேண்டும், கரண்டில் கை வைக்கிற பையன்.

அண்ணனிடம் சண்டை வேண்டாம். ஐ.டி.ஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கிலும் அதே மாதிரி, அந்த வழி மூடிவிடாது என்று சொல்லுங்கள். அப்புறம் தம்பியின் பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த 1,000 ரூபாய் வந்து சேராமல் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.