கேமரா கேள்வி பதில்: சான்று போடுற கேமரா வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்துல ஸ்டுடியோ வச்சிருக்கேன் சார். கல்யாண ஆர்டர்தான் சோறு போடுது, அப்பப்போ பத்திரிகைக்கும் படம் அனுப்புவேன். போன மழையில வயல் மூழ்கினதை எடுத்து அனுப்பினேன், இது ஏ.ஐ-ல பண்ணதான்னு கேட்டுட்டாங்க, ரெண்டு நாள் தூக்கமே வரல. பழைய நிக்கான் டி750-ஐ கொடுத்துட்டு இசட்6 III வாங்கலாம்னு இருக்கேன். படம் ஒரிஜினல்னு கேமராவே சான்று போடுமாமே, அதுக்காகவே வாங்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தக் கேள்வி எவ்வளவு வலிச்சிருக்கும்னு புரியுது தம்பி, முழங்கால் தண்ணில நின்னு எடுத்தவனுக்குத்தான் அது தெரியும். ஆனா சான்றுக்காக மட்டும் வாங்காதீங்க. கல்யாணத்துக்காக வாங்குங்க.

2024 ஜூன்ல வந்த கேமரா இது, 24.5 மெகாபிக்சல், உங்க டி750-ம் 24 தான், அதனால ஆல்பத்துல பிரிண்ட் பெருசா மாறாது. மாறுறது வேகமும் ஃபோகஸும். கெட்டிமேளம் கொட்டினதும் நாலு பக்கமும் அட்சதை பறக்கும், குறுக்க கை வரும், செல்ஃபோன் வரும், அந்த நேரத்துல பொண்ணோட கண்ணை விடாம பிடிக்கிறதுக்கு இதுல இருக்கிற ஃபோகஸ் உங்க டி750 மாதிரி பழைய எஸ்.எல்.ஆர்-ல கிடையவே கிடையாது. பட்டனை முழுசா அமுக்குறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி நடந்ததையும் சேர்த்து எடுத்துக்கிற வசதி இருக்கு, ஆனா அது ஜேபெக்ல மட்டும்தான், ரா (கேமரா சுருக்காம, மாத்தாம தர்ற மூல ஃபைல்) வராது. சத்தமில்லாத ஷட்டரை மண்டபத்து எல்.இ.டி லைட்டுல போட்டா படத்துல கோடு விழ வாய்ப்பு இருக்கு, மேடையில மெக்கானிக்கல் ஷட்டரே வைங்க. இன்னொண்ணு, உங்ககிட்ட பழைய டி வகை லென்ஸ் இருந்தா, பழைய லென்ஸை இசட் கேமராவில மாட்டுற எஃப்.டி.இசட் அடாப்டர்ல மாட்டலாம், ஆனா ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, லென்ஸ் செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

இப்ப சான்று விஷயம். படம் எங்கிருந்து வந்துச்சு, பின்னால மாத்தினாங்களான்னு காட்டுறதுக்கு சி2பிஏ-னு ஒரு பொது முறை, 2021-ல அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து ஆரம்பிச்சது. படம் எடுத்த உடனே கேமரா அந்த ஃபைலுக்கு ஹாஷ்னு கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்குப் போட்டு, உள்ளே பூட்டி வச்சிருக்கிற டிஜிட்டல் சாவியால கையெழுத்து போட்டுடும், பின்னால ஒரு பிக்சல் மாறினாலும் கையெழுத்து ஒத்துவராது. 2023-ல லைக்கா எம்11-பி தான் இதோட முதல்ல வந்த கேமரா. இசட்6 III-க்கு 2025 ஆகஸ்ட்ல ஃபர்ம்வேர் (கேமராவோட உள் மென்பொருள்) அப்டேட்ல இதைக் கொடுத்தாங்க. அடுத்த மாசமே ஓட்டை தெரிஞ்சுது, கையெழுத்தே இல்லாத ஒரு ரா படத்தை கார்டுல வச்சு, ரெண்டு படத்தை ஒண்ணு மேல ஒண்ணா சேர்க்கிற மல்டிபிள் எக்ஸ்போஷர்ல அதை முதல் படமா எடுத்துக்கிட்டா, வர்ற புதுப் படத்துக்கு கேமரா நல்லபடியா கையெழுத்து போட்டுக் கொடுத்துடுச்சு! நிக்கான் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றிதழ்களையும் ரத்து பண்ணிட்டாங்க. வாங்குறதுக்கு முன்னாடி இப்ப நிலவரம் என்னன்னு கடைக்காரர்கிட்ட கேக்காம சர்வீஸ் சென்டர்லயே கேளுங்க.

இப்படி ஓட்டை தெரியறது புதுசும் இல்ல. 2010-ல கேனனோட பழைய சரிபார்ப்பு முறையையும் 2011-ல நிக்கானோடதையும் எல்காம்சாஃப்ட்னு ஒரு ரஷ்ய கம்பெனி உடைச்சுக் காட்டிச்சு. கையெழுத்து சரியா இருந்தாலும், இந்தக் கேமராவில இருந்து இந்த ஃபைல் வந்துச்சுன்னுதான் அது சொல்லும், லென்ஸுக்கு முன்னாடி இருந்தது நிஜ வயலா டிவி திரையான்னு சொல்லாது. சோனி அதுக்குத்தான், எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு காட்டுற முப்பரிமாண ஆழத் தகவலையும் சேர்த்துப் பதியுறாங்க.

அதனால உங்களுக்கு இன்னைக்கே கையில இருக்கிற ஆதாரம் ரா ஃபைல்தான் தம்பி. அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஃப்ரேமையும் சேர்த்து வைங்க, மங்கலா இருந்தாலும் அழிக்காதீங்க, ஒரே வயலை பத்து கோணத்துல எடுத்த ரா வரிசையைக் காட்டினா எந்த ஆசிரியரும் நம்புவார். அன்னைக்கே அந்த ஃபைலுக்கு எஸ்.எச்.ஏ-256-ங்கிற முறையில ஹாஷ் எடுத்து எழுதி வைங்க. 2024 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்கிற பாரதிய சாக்ஷ்ய சட்டம் (புது சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுல, டிஜிட்டல் ஆதாரத்தோட கோர்ட்டுக்குக் கொடுக்கிற சான்றிதழ்லயே ஹாஷ் கேக்குறாங்க.

கேள்வி: சான்று போட்ட படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினா சான்றும் கூடவே போகுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஃபோட்டோவா அனுப்பினா போகாதும்மா, அது படத்தைச் சுருக்கி உள்ள இருக்கிற தகவலையும் உருவிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, ஃபைல் அப்படியே போகும்.