மீன் எண்ணெய் மாத்திரை இதயத்தைக் காக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஸ்டாட்டின் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறார். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகன், இதயத்துக்கு நல்லது என்று 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரைகளை அனுப்பியிருக்கிறான். இதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இப்போது உங்கள் கணவர் சாப்பிடும் மூன்று மருந்துகளுக்கும் இருப்பதைப் போன்ற உறுதியான சான்று, மகன் அனுப்பிய மாத்திரைக்கு இல்லை. அமெரிக்காவில் இது உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருந்தைப் போல விற்பனைக்கு முன்பே பலனை நிரூபித்து ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது.

மீன் எண்ணெய்க்கு நற்பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1999-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், மாரடைப்பிலிருந்து மீண்ட 11,000-க்கும் மேற்பட்டோரில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலத்தைத் தினமும் 1 கிராம் எடுத்துக்கொண்டவர்களிடம் மரணம் குறைந்தது. ஆனால் அந்தக் காலத்தில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டும் இன்றுபோல் பரவலாக இல்லை. பின்னர் 2018-இல் முடிவுகள் வெளியான, 25,871 பேர் பங்கேற்ற வைட்டல் ஆய்விலும், 15,480 நீரிழிவு நோயாளிகளைக் கொண்ட அசெண்ட் ஆய்விலும், அதே 1 கிராம் அளவு இதயநோய்களை மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

அப்படியானால் சில இதய மருத்துவர்கள் ஏன் இதை எழுதித் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டாட்டின் சாப்பிட்டும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு குறையாத 8,179 பேருக்கு, சுத்திகரிக்கப்பட்ட இபிஏ என்ற ஒரே ஒமேகா-3 அமிலத்தைத் தினமும் 4 கிராம் கொடுத்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால்பங்கு குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவினருக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்களின் கெட்ட கொழுப்பைச் சற்று உயர்த்தியதால், அந்தப் பலன் முழுவதும் உண்மைதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இபிஏவுடன் டிஹெச்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3 அமிலத்தையும் கலந்து அதே 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வோ, பலன் தெரியாததால் 2020-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

உங்களிடம் உள்ள புட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1000 மில்லிகிராம் என்பது எண்ணெயின் மொத்த எடை. சாதாரண மாத்திரையில் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 மில்லிகிராம்தான் இருக்கும். ஆய்வில் கொடுத்த அளவை எட்டுவதற்காக நீங்களாகவே மாத்திரைகளைக் கூட்டிக் கொடுப்பதை நான் கண்டிப்பாக ஏற்க மாட்டேன்.

ஏனென்றால், அளவு கூடும்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதயத்துடிப்புக் கோளாறு கூடுகிறது. ரெட்யூஸ்-இட் ஆய்வில் அதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 2.1 சதவீதம். இரத்தக்கசிவும் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மருந்துகளைச் சாப்பிடுபவர் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும். வாரம் இருமுறை குழம்பு வைத்துக் கொடுங்கள். ட்ரைகிளிசரைடு பரிசோதனை முடிவையும் அந்தப் புட்டியையும் இதய மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகே மாத்திரையைப் பற்றி முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்து, படபடப்போ ஒழுங்கற்ற நாடித்துடிப்போ தெரிந்தால், மீன் எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள். மற்ற மூன்று மருந்துகளையும் ஒரு வேளைகூடத் தவற விடாதீர்கள்.