மூட்டுவாதம் இருக்கற பிள்ளைக்கு எதுக்கு விட்டமின் டி மருந்து? நம்மூரு வெயில் போதாதா?

இப்படிக் கேக்கறீங்கன்னா உங்க வீட்லயும் யாரோ ஆரம்பிச்சிருக்காங்கன்னு அர்த்தம். எங்க வீட்ல மாமனார்.

என் பொண்ணுக்கு நாலு வயசுல ஜேஐஏ, அதாவது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற மூட்டுவாதம். காலைல எழுந்தா முட்டி மடங்காது, பாத்ரூமுக்குக்கூட தூக்கிட்டுத்தான் போவேன். ஸ்டீராய்டு ஆரம்பிக்கும்போது விட்டமின் டி டெஸ்ட் எடுத்தாங்க, 11தான் இருந்துச்சு. 20க்கு மேல இருக்கணுமாம். மாமனார் பேச்சைக் கேட்டு அதுவரைக்கும் தினம் காலைல ஏழு மணிக்கு பால்கனில உக்கார வச்சிருந்தேன், தூசி வருதுன்னு கண்ணாடியைச் சாத்திட்டு. டாக்டர் சிரிச்சிட்டாங்க. இளவெயில்ல விட்டமின் டி உண்டாக்கற கதிர் ரொம்பக் கம்மி, கண்ணாடி தாண்டி வரவே வராது, பதினொண்ணுலேந்து ரெண்டு மணி வெயில்தான் உருப்படியாம். அந்த நேரத்துல எங்க மொட்டை மாடி பூட்டியிருக்கும், யாரோ வத்தல் காயப்போட்டு சண்டையாகி அசோசியேஷன்ல பூட்டு போட்டுட்டாங்க, மாசாமாசம் மெயின்டனன்ஸ் மட்டும் கரெக்டா வாங்கறாங்க, பிள்ளைக்காகன்னு லெட்டர் குடுத்தும் பதில் இல்ல. சரி விடுங்க.

வெயில் இருந்தாலும் இந்தப் பிள்ளைங்களுக்கு அது மட்டும் பத்தாதுங்க. மூட்டுல இருக்கற அழற்சியே எலும்பை அரிக்கும், ஸ்டீராய்டு குடல்ல கால்சியத்தை ஏற விடாது, ஏறினதையும் மூத்திரத்துல தள்ளிடும், வலிக்குதுன்னு ஓடியாடாம உக்காந்தே இருந்தா எலும்புல வலுவும் சேராது. கேழ்வரகு குடுன்னு சொல்ல வர்றவங்களுக்கு, குடுக்கறேன், 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம்னு எனக்கும் தெரியும், டி இல்லாம அது உடம்புல சரியா சேராது. இதனால மூட்டுவாதம் குணமாயிடும்னும் நான் சொல்லல, எலும்பைக் காப்பாத்தத்தான்.

ஒண்ணு மட்டும் உஷார். எங்களுக்குக் குடுத்தது 60,000 யூனிட் சாஷே, வாரத்துக்கு ஒண்ணு. நான் ஆபீஸ்ல இருந்தப்ப அத்தை தினம் ஒண்ணா நாலு நாள் பால்ல கலந்து குடுத்துட்டாங்க. அவங்களைக் குறை சொல்லல, சீட்டு இங்கிலீஷ்ல இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க. அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, கிட்னி வரைக்கும் போகும். உடனே ரத்தம் எடுத்துப் பாத்தோம், நல்லவேளை ஒண்ணும் ஆகல. இப்ப ஒவ்வொரு பாக்கெட் மேலயும் தேதி எழுதி பீரோல வச்சிருக்கேன். உங்க பிள்ளைக்கு எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், என் கணக்கைப் பாத்துக் குடுத்துடாதீங்க.

மூணு மாசம் கழிச்சு 34 வந்துச்சு. ரிப்போர்ட்டை மாமனார்கிட்ட காட்டினேன். "பாத்தியா, எல்லாம் பால்கனி வெயில்தான்"ங்கறாரு.