'க'-வைக் கண்டுபிடிக்கச் சொன்னது யார்? போட்டி இயற்கணிதம்: கேள்வி-பதில்

கணித ஒலிம்பியாட்டின் முதல் இரண்டு கட்டங்களான ஐஓக்யூஎம், ஆர்எம்ஓ தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில், இந்த முறை சமன்பாடுகள் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எக்ஸ், ஒய் எழுத வேண்டிய இடத்தில் க, ச, த என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வரி படித்தால் பழகிவிடும்.

க + 1/க = 3 என்றால் க⁵ + 1/க⁵ எவ்வளவு? இருபடிச் சமன்பாடாக்கித் தீர்த்தேன் சார். க = (3 + √5)/2 என்று வந்தது. அதை ஐந்தாம் அடுக்குக்கு ஏற்றுவதற்குள் நேரம் போய்விட்டது.

க-வின் மதிப்பை யாருமே கேட்கவில்லையே! கேட்டது ஒரு தொகை, கொடுத்ததும் ஒரு தொகை. நடுவில் √5 எதற்கு?

கொடுத்ததை வர்க்கப்படுத்துங்கள்: க² + 2 + 1/க² = 9. ஆக இரண்டாம் அடுக்கின் தொகை 7. இனி எந்த அடுக்கின் தொகையையும் (க + 1/க)-ஆல் பெருக்கினால், ஒரு படி மேலே உள்ள தொகையும் ஒரு படி கீழே உள்ள தொகையும் சேர்ந்து வரும். அதனால் 3-ஆல் பெருக்கி, முந்தையதைக் கழித்தால் அடுத்தது கிடைத்துவிடும். 3×7 − 3 = 18. 3×18 − 7 = 47. 3×47 − 18 = 123. அவ்வளவுதான்.

வலப்பக்கம் 3-க்குப் பதில் 1 என்று கொடுத்து, 2025-ஆம் அடுக்கைக் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். அது க² − க + 1 = 0 ஆகிறது; இருபுறமும் (க + 1)-ஆல் பெருக்கினால் க³ = −1. 2025-இல் 3 எத்தனை முறை? 675 முறை, ஒற்றைப்படை. எனவே க²⁰²⁵ = −1, விடை −2. இங்கே க மெய்யெண்ணே இல்லை என்பதையும் கவனியுங்கள். அதைத் தேடிப் போயிருந்தால் வீண் அலைச்சல்.

1/க + 1/ச = 1/6. க, ச மிகை முழு எண்கள். எத்தனை சோடிகள்? எனக்கு 5 வந்தது, விடைத்தாளில் 9.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பின்னத்தை நீக்கினால் கச − 6க − 6ச = 0. இருபுறமும் 36-ஐக் கூட்டுங்கள்: (க − 6)(ச − 6) = 36. வர்க்கப் பூர்த்தியில் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொள்கிறோமே, அதே வேலைதான். இங்கே பூர்த்தியாவது ஒரு பெருக்கல்.

36-க்கு 9 காரணிகள், எனவே 9 விடைகள். உங்கள் ஐந்தும் சரிதான்: (7, 42), (8, 24), (9, 18), (10, 15), (12, 12). முதல் நான்கையும் திருப்பிப் போட்டு எண்ணாமல் விட்டுவிட்டீர்கள்.

இரண்டு காரணிகளுமே குறை எண்களாக இருந்தால்? க குறைந்தது 1, அதனால் க − 6 குறைந்தது −5, ச-வுக்கும் அப்படியே. பெருக்கினால் 25-ஐத் தாண்டாது. ஐஓக்யூஎம்-இல் எண்ணை மட்டும் எழுதினால் போதும். ஆர்எம்ஓ-வில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

ராமானுஜன் பள்ளியில் படிக்கும்போது நொடியில் போட்ட கணக்கு என்று மகன் காட்டினான்: √க + ச = 7, க + √ச = 11. விடை 9, 4 என்று பார்த்தவுடனே தெரிகிறது. இதில் என்ன பெருமை?

விடை கண்ணில் படுவது சுலபம். வேறு விடை இல்லை என்று காட்டுவதுதான் கணக்கு. அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் கும்பகோணத்துப் பள்ளிநாள் நிகழ்ச்சியாக இது வருகிறது.

√க-வை ப என்றும் √ச-வை ம என்றும் வையுங்கள். ப + ம² = 7, ப² + ம = 11. நேராக ம-வை நீக்கினால் ப⁴ − 22ப² + ப + 114 = 0 என்று நான்காம் படியில் போய் நிற்கும். தீர்க்கலாம், ஆனால் மீதிக் காரணி முப்படி. அதன் மூலங்கள் அழகாக வராது. அதற்குப் பதிலாக, தெரிந்த விடையையே கருவியாக்குங்கள். 7 = 3 + 4, 11 = 9 + 2 என்று உடைத்தால்:

ப − 3 = (2 − ம)(2 + ம)
(ப − 3)(ப + 3) = 2 − ம

முதல் வரியில் உள்ள ப − 3-ஐ இரண்டாவதில் போடுங்கள்: (2 − ம)[(2 + ம)(ப + 3) − 1] = 0. ப, ம இரண்டும் வர்க்கமூலங்கள், குறை எண் ஆகாது. எனவே (2 + ம)(ப + 3) குறைந்தது 6. சதுர அடைப்புக்குள் இருப்பது பூச்சியம் ஆகவே முடியாது. ம = 2, ப = 3. வேறு வழியே இல்லை.

விடையை ஊகித்த பிறகு, அதைக் கழித்துக் காரணியாக எழுதிப் பார்ப்பதை மகனுக்குப் பழக்குங்கள். எத்தனையோ கணக்குகளில் கைகொடுக்கும்.

கச + க + ச = 11, சத + ச + த = 14, தக + த + க = 19. எனக்கு 3, 2, 4 கிடைத்தது. இன்னொரு விடை உண்டாமே?

உண்டு. ஒவ்வொன்றிலும் 1-ஐக் கூட்டினால் (க+1)(ச+1) = 12, அடுத்தவை 15, 20. மூன்றையும் பெருக்கினால் (க+1)(ச+1)(த+1)-இன் வர்க்கம் 3600. அதன் மூலம் 60 மட்டுமல்ல, −60-உம்தான். −60-ஐ 15, 20, 12-ஆல் வகுத்து 1-ஐக் கழித்தால் −5, −4, −6.

√(க + 7) = க − 5. 9, 2 இரண்டும் வருகிறது. ஏன் 2 தப்பு?

2-ஐப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துவிடும். வர்க்கப்படுத்தினால் முடிவில் பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

க⁴ + 4 எப்போது பகா எண்? கூட்டல் குறி இருந்தால் காரணிப்படுத்த முடியாது என்று டியூஷனில் சொன்னார்கள்.

க² + 4 என்றால் அவர்கள் சொன்னது சரி. நான்காம் அடுக்கில் கதை வேறு. 4க²-ஐக் கூட்டிக் கழியுங்கள்: (க² + 2)² − (2க)². இப்போது (க² + 2க + 2)(க² − 2க + 2). பகா எண் ஆக வேண்டுமானால் சிறிய காரணி 1 ஆக வேண்டும். சிறிய காரணி (க − 1)² + 1; க மிகை முழு எண்ணாக இருக்கும்போது அது 1 ஆவது க = 1-இல் மட்டுமே. அப்போது 5, பகா எண். மற்ற எதற்கும் இல்லை.

க⁴ + 4ச⁴ என்ற பொது வடிவத்துக்கு சோஃபி ஜெர்மெய்ன் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் பெயரை வைத்திருக்கிறார்கள். கையோடு இதையும் போட்டுப் பாருங்கள்: 545⁴ + 4⁵⁴⁵ பகா எண்ணா? ச-வாக 4¹³⁶-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.