ஆண் பிள்ளைக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன பேச்சு?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. மகன் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. ஆறு மாதமாகக் கல்லூரியில் தாய்மார் நலனுக்காகக் குரல் கொடுக்கும் மாணவர் குழுவே கதி என்று கிடக்கிறான். போன பருவத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் உதிரப்போக்கு, ரத்த அழுத்தம் என்றே பேச்சு. "ஆண் பிள்ளைக்கு இதில் என்ன வேலை? இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவது சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

2023-இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகம் முழுக்க ஏறக்குறைய 2,60,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் மதிப்பிட்டிருக்கின்றன. ஒரு நாளைக்கு எழுநூறு பேருக்கும் மேல். பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடிய சாவுகள். பிள்ளை பெறுவது பெண்தான். ஆனால் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர், ரத்தம் கொடுக்கிறவர், மருந்து வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர், "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லும் மாமனார் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். உங்கள் மகன் இதில் இருப்பதில் தப்பே இல்லை. கூச்சப்படாமல் பேசுகிறான் என்றால் நல்லதுதான்.

அடுத்தது, சோறு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குரல் கொடுப்பதே முழுநேர வேலையாக இருக்கும் இடங்கள் குறைவு. இருப்பதிலும் பல, நிதி வரும்வரை நீடிக்கும் ஒப்பந்த வேலைகள். அதை நம்பி இருக்கிற பட்டப்படிப்பை அரைகுறையாக விடுவதற்கு நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் குழுவில் அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்து, அதே ஆறு மாதம் வீணாகவும் போகலாம், அவன் படிப்புக்கே கை கால் முளைத்த மாதிரியும் ஆகலாம்.

நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்க்க ஒரு மாணவி என்னிடம் வந்தாள். கையில் தடிமனான கோப்பு. விழிப்புணர்வு நடை, சுவரொட்டிப் போட்டி, கருத்தரங்கு என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ். "இதனால் என்ன மாறியது?" என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கோப்பில் இல்லாத ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்கள் தன்னார்வலர்களாகப் போன மருத்துவமனையில் ஆக்ஸிடோசின் ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி ஒன்று இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு கருப்பையைச் சுருங்க வைத்து ரத்தத்தை நிறுத்தும் மருந்து அது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், சூட்டில் வீரியம் போய்விடும். பெட்டிக் கதவில் தொங்கிய வெப்பநிலை எழுதும் அட்டையில் மாதம் முழுக்க ஒரே எண், ஒரே மை, ஒரே கையெழுத்து. நர்ஸிடம் கேட்டால், வெப்பமானி உடைந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது, மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் வரவில்லை என்றாராம். இவர்கள் அந்த மூன்று கடிதங்களின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு, நர்ஸையும் கூட்டிக்கொண்டு நிர்வாகியைப் பார்த்தார்கள். இரண்டு மாதம் விடாமல் கேட்டார்கள். புது வெப்பமானி வந்தது.

"சின்ன விஷயம் சார், அதான் எழுதலை" என்றாள். மற்றதையெல்லாம் பின்னால் தள்ளு, இதை முதல் வரியில் போடு என்றேன். குறையைக் கண்டுபிடித்தது, யார்மேலும் பழி போடாமல் தாளில் கொண்டுவந்தது, சரியான ஆளிடம் போனது, முடியும்வரை பின்தொடர்ந்தது என்று ஒரு வேலையில் கேட்கும் அத்தனையும் அதில் இருக்கிறது.

உங்கள் மகனிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். கோபமாக வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள்: "உங்க குழுவால இதுவரைக்கும் என்னடா மாறுச்சு?" பதில் இல்லையென்றால், அவன் குழுவை விட வேண்டியதில்லை. குழுவில் அவன் பார்க்கும் வேலையை மாற்றிக்கொண்டால் போதும்.

அவன் புள்ளியியல் மாணவன் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது என்பதை நெடுங்காலமாகப் பல இடங்களில் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட்டு வந்தார்கள். துணியில் ஊறியது, தரையில் சிந்தியது எல்லாம் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் 'ஈ-மோட்டிவ்' என்று ஓர் ஆய்வு நடந்தது, முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பில், ரத்தம் வந்து சேரும் பை போன்ற பகுதியில் அளவுக்கோடுகள் போட்டிருக்கும். கோட்டைத் தாண்டினால், மருந்துகளையும் மற்ற சிகிச்சைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே தொகுப்பாகத் தொடங்கிவிட வேண்டும். பழைய முறையில் உதிரப்போக்கில் பாதியளவுதான் கண்டுபிடிக்கப்பட்டது, இதில் 93 சதவீதம். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, சாவு எல்லாம் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. விரிப்பும் பழக்கமான மருந்துகளும்தான். ஆனால் இது வேலை செய்கிறது என்று உலகத்தை நம்ப வைக்க, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் கணக்கைப் பிழையில்லாமல் பார்க்க யாரோ உட்கார வேண்டியிருந்தது. அந்த நாற்காலிதான் உங்கள் மகன் படிக்கிற படிப்பு. மருத்துவப் புள்ளியியல், தொற்றுநோயியல், பொது சுகாதாரம் என்று முதுநிலையில் இதற்கு நேரான பாதைகள் இருக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் குழு அனுபவம் கைகொடுக்கும், மதிப்பெண்ணும் இருந்தால் மட்டும். இதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அவன் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தாய்மார் சாவுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக எழுதினார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். எந்தத் தாமதம் ஒருவரை உறுத்துகிறது என்று கேட்டாலே பாதை பாதி தெரிந்துவிடும். முதலாவது உறுத்தினால் சமூகப்பணி, இதழியல், சட்டம். இரண்டாவது என்றால் போக்குவரத்துத் திட்டமிடல், வரைபடத் தொழில்நுட்பம். மூன்றாவதில் டாக்டர் மட்டும் இல்லை, மகப்பேறு செவிலியர், ரத்த வங்கித் தொழில்நுட்பர், மருந்து வினியோகம் பார்ப்பவர், கருவி வடிவமைக்கும் பொறியாளர் எல்லாரும் வருவார்கள். மகப்பேறு செவிலியர் படிப்பைப் பலரும் டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் போகிற இடமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. அது தனித்திறன் வேண்டிய தொழில்.

உண்மை கையில் இருந்தால் போதும் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் தாய்மாரைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் சாவுகள் மளமளவென்று குறைந்தன. அவ்வளவு பெரிய சான்று இருந்தும் அதைப் புத்தகமாக எழுத 1861 வரை ஆக்கினார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று கடிதத்தில் திட்டினார். வாழும் காலத்தில் அவர் சொன்னது எடுபடவில்லை. யாரிடம், எப்போது, எந்தத் தொனியில் சொல்வது என்பதும் ஒரு படிப்பு. குழுவில் இருக்கும்போதே அதைக் கற்றுக்கொள்ளட்டும்.

நேரக் கணக்கு: வாரத்துக்கு ஆறு மணி நேரம் போதும். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் கணக்கு வேலை மட்டும் பார்க்கட்டும், சுவரொட்டி ஒட்ட வேறு ஆள் கிடைக்கும். நோயாளிகளைப் படம் பிடிக்கக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு மருந்து ஆலோசனை சொல்லக் கூடாது. ஒரு பெண் தன் கதையைச் சொன்னால் அவள் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றை அவன் குழு மீறுவதாகத் தெரிந்தால் மட்டும் எனக்கு உடனே எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அடித்துவிட்டு மறுபடி எழுதிய வரி. "இவன் பிறந்தப்போ எனக்கும் ரத்தம் நிக்கலை, மூணு நாள் கண் திறக்கலை." அவனுக்கு இது தெரியுமா? சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை, அது உங்கள் விஷயம். சொல்வதானால், நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். கேட்டு முடித்த பிறகு "இதை எழுதிக்கலாமாம்மா?" என்று அவன் கேட்டால், அப்போது நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.