எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. பாதுகாப்பாகச் சாப்பிட எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நான் 2014 முதல் ஏஆர்டியில் இருக்கிறேன். உங்களுக்கு டிஎல்டி (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை) கொடுத்திருக்கிறார்கள், ஒரு வேளை தவறினாலும் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லை என்றால் விட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போடலாம். தூக்கம் கெட்டால் மாத்திரை வாங்கும் ஏஆர்டி மையத்தில் சொல்லுங்கள். எனக்குக் காலை நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் உண்மையில் தப்பு செய்தது வேறு இடத்தில். மூட்டு வலிக்கு ஒரு டாக்டர் கால்சியம் எழுதிக் கொடுத்தார். எனக்கு எச்ஐவி இருப்பதை வெட்கப்பட்டு அவரிடம் சொல்லவில்லை. சத்து மாத்திரைதானே என்று ஏஆர்டி மையத்திலும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் இரண்டையும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கினேன். மாத்திரை கொடுக்கும் பார்மசிஸ்ட் ஒருநாள், "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிரைக் கால்சியமும் இரும்புச்சத்தும் வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சரியாகச் சேர விடாது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, ரிசல்ட் வரும்வரை நான் பட்ட பாடு! நல்லவேளை, ஏறவில்லை.

வெறும் வயிற்றில் என்றால் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ டிஎல்டியைப் போடுங்கள். வயிறு நிறையச் சாப்பிடும்போது இரண்டையும் சேர்த்தே போடலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துக்கு மட்டும் சாப்பாட்டோடு என்றாலும் அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா? டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும், டாக்டர் அளவைப் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இன்னொரு வேளையும் தேவைப்படும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கிரியாட்டினின் டெஸ்டைத் தள்ளிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. வைரஸ் திரும்ப ஏறும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கல்லீரலும் சேர்ந்து மோசமாகலாம்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் அவர்கள் மேசையில் கொட்டுங்கள். லேகியம், சூரணம் இருந்தால் அதையும்.